சிறப்புக் குழந்தைகளுக்குத் தோட்டமா? முதலில் அந்த அரளியைப் பிடுங்குங்கள்

சமீபத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் புதிதாகப் போட்ட புலன் தோட்டத்தை (பிள்ளைகள் தொட்டு, முகர்ந்து, கேட்டு, பார்த்துப் பழகுவதற்கான தோட்டம்) பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நன்கொடையாளரின் பணம், எல்லோருடைய நல்ல மனசு. குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சுற்றுச்சுவர் நெடுக செவ்வரளி! ஏன் இதை வைத்தீர்கள் என்று கேட்டால், "ஆடு மாடு கடிக்காது மேடம், பராமரிப்பே வேண்டாம்" என்கிறார் தோட்டக்காரர். ஆடு மாடு ஏன் கடிக்காது என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். மண், சாக்பீஸ், இலை என்று கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும் பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது. இப்படி ஒரு வேலியைப் பார்ப்பது எனக்கு இது முதல் தடவையும் இல்லை.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி கொடுக்கும் சிகிச்சையாளர். ஆட்டிசம், பெருமூளை வாதம், வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளோடுதான் என் வேலை. செடிகளுக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால், என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புலன்களுக்கு எவ்வளவு அதிகமாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் அது. காதுக்கு மணிச்சரம், மூக்குக்கு மல்லிகைப் பந்தல், காலுக்குக் கூழாங்கல், கண்ணுக்கு ஏழு நிறக் காற்றாடி, நடுவில் மோட்டார் போட்ட நீரூற்று. எல்லாம் ஒரே இடத்தில். உள்ளே விட்டதும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கேட்டை நோக்கி ஓடுகிறான். "இவனுக்குத் தோட்டத்தில் ஆர்வம் இல்லை" என்று குறிப்பு எழுதிவிடுகிறார்கள்.

ஆர்வமெல்லாம் இருக்கிறது. அங்கே அவனால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்குச் சத்தம் எவ்வளவு கொடுத்தாலும் போதாது. இன்னொரு பிள்ளைக்கு மிக்சி ஓடினாலே உடம்பு பதறும். இதில் குழப்பம் என்னவென்றால், சத்தம் தாங்காத அதே பிள்ளை ஊஞ்சலில் எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் இன்னும் இன்னும் என்று கேட்பான். இரவு சரியாகத் தூங்கவில்லை என்றால் நேற்றுப் பிடித்தது இன்று பிடிக்காது. அமெரிக்காவில் எங்கள் துறையைச் சேர்ந்த ஜீன் ஏர்ஸ் 1960, 70களிலேயே இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்துவிட்டார். நாம் இன்னும் மணிச்சரம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

தோட்டத்தில் ஒரு பொருளை வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளை நினைத்தால் இதைத் தொடங்கவும், நினைத்தால் நிறுத்தவும் முடியுமா? மணிச்சரத்தைக் காற்று அடிக்கிறது. பிள்ளையால் நிறுத்த முடியாது. அதே இடத்தில் நாலு மூங்கில் துண்டுகளைக் கட்டி ஒரு குச்சி கொடுங்கள், அவன் தட்டினால்தான் சத்தம். மல்லிகைப் பந்தலின் கீழ் நின்றால் மூக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது? கற்பூரவல்லி, துளசி, எலுமிச்சைப்புல் எல்லாம் தொட்டுக் கசக்கினால்தான் நன்றாக மணக்கும். விட்டுவிட்டால் சும்மா இருக்கும். நீரூற்றுக்குப் பதில் ஒரு சின்னக் கைப்பம்பு போதும்.

எட்டு வடிவத்தில் போடும் அந்தக் கூழாங்கல் பாதை பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவர்கள் பூங்காவில் சர்க்கரைக்காக நடப்பதைப் பார்த்து இங்கேயும் போட்டுவிடுகிறார்கள். புல் பட்டாலே காலைச் சுருக்கிக்கொள்ளும் பிள்ளையைக் கையைப் பிடித்து அதில் இழுக்காதீர்கள். "பழகட்டும்" என்றால் பழகாது, தோட்டத்துக்கு வர மறுக்கத்தான் பழகும். செருப்போடு வரட்டும். மண், மணல், புல் என்று பக்கத்தில் இருக்கட்டும். என்றைக்காவது ஒரு விரலை வைப்பான்.

ஐந்து புலன்களை மட்டும் எண்ணிக்கொண்டு எல்லோரும் மறந்துவிடுவது கை கால் எங்கே, எப்படி இருக்கிறது என்பதையும் உடம்பின் சமநிலையையும் உணரும் புலன்களை. எனக்குத் தோட்டத்தில் பெரிய பொக்கிஷமே அதுதான். தண்ணீர் வாளி தூக்குவது, மண்ணைக் கொத்துவது, களை பிடுங்குவது, தள்ளுவண்டியைத் தள்ளுவது. தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் இப்படி அழுத்தம் கிடைத்தால் பல பிள்ளைகள் கண்ணெதிரே அமைதியாவார்கள். "என் பிள்ளையை வேலை வாங்குறீங்களா?" என்று சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். ஆமாம், வாங்குகிறோம். அதுதான் சிகிச்சை.

ஓர் ஓரத்தில் கீற்றுக் கூரை போட்ட சின்ன ஒதுக்கிடம் கட்டாயம் வேண்டும். தாங்கவில்லை என்றால் போய் உட்கார. தண்டனைக்கு அனுப்ப இல்லை. உள்ளே இருப்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். சக்கர நாற்காலிக்குப் பாதை 120 செ.மீ.யாவது அகலம், திரும்பும் இடத்தில் 150, சரிவு 1:12க்கு மேல் (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) செங்குத்தாக வேண்டாம். கட்டி முடித்த பிறகு இடித்துப் போடுவதைவிட இப்போதே டேப் வைத்து அளந்துவிடலாம்.

சரி, செடிகள். செவ்வரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி, எருக்கு, செங்காந்தள் எதுவும் வேண்டாம். செங்காந்தள் மாநில மலர்தான். அதன் கிழங்கு கொடிய விஷம். அழகுக்கு வைக்கும் டிஃபன்பேக்கியாவையும் மணிபிளான்டையும் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். முருங்கையை உட்காரும் இடத்துக்கு மேல் வைக்காதீர்கள், கம்பளிப்பூச்சி கொட்டும். பூச்சிமருந்து, யூரியா உள்ளே வரவே கூடாது. மணல் குழியை இரவில் மூடுங்கள், பூனை அசிங்கம் செய்யும்.

தண்ணீர்த் தொட்டி, அல்லிக் குளம்? கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு. கண் அசந்தால் நழுவிப் போய்விடுவார்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஆபத்துதான். வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

வெயில் விஷயத்தில் ஒன்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வலிப்புக்கு டோபிராமேட் என்ற மருந்து எடுக்கும் சில பிள்ளைகளுக்கு வியர்ப்பது குறையும், உடம்பு சூடேறிவிடும். யார் என்ன மருந்தில் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைப் புல்லும் ரப்பர் தரையும் மே மாதம் பதினொரு மணிக்கு எப்படிச் சுடும் என்று நீங்களே வெறுங்காலோடு நின்று பாருங்கள்.

பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் உப்புக் கரைசல், சாணிக் கரைசல், சோப்புத் தண்ணீர், தொண்டையில் விரல் எதுவும் கூடாது. வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுங்கள், 108க்குக் கூப்பிடுங்கள், அந்தச் செடியின் ஒரு கிளையைக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். அரளி என்றால் பிள்ளை விளையாடிக்கொண்டே இருந்தாலும் போக வேண்டும். இதயத் துடிப்பு பல மணி நேரம் கழித்தும் கெடலாம்.

இடமோ பணமோ இல்லை என்கிற பெற்றோருக்கு: கற்பூரவல்லி ஒரு தொட்டி, வெந்தயம் தூவிய ஒரு தட்டு, மண் நிரப்பிய ஒரு பழைய டப், அவன் தூக்கக்கூடிய ஒரு பூவாளி. தொடங்க இது போதும். ஆனால் மாடியிலோ பால்கனியிலோ வைத்தால் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அவனுக்கு அது ஏறும் படி. வீட்டுச் சுவர் பக்கமாக வையுங்கள். இன்றைக்கே நகர்த்திவிடுங்கள்.