இருபத்தெட்டு: நான்கு சீட்டைப் பார்த்து எட்டுச் சீட்டுக்குத் திட்டமிடுவது

1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டையிலும், ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் புனலூரிலும் ஆடப்படும் இருபத்தெட்டு என்னும் சீட்டாட்டத்தில், கைக்கு வரவேண்டிய எட்டுச் சீட்டில் நான்கை மட்டும் பார்த்துவிட்டு ஏலம் கேட்க வேண்டும், அதாவது தம் கட்சி எத்தனை புள்ளி எடுக்கும் என்று சொல்ல வேண்டும். போக்கரைப் போலவே, கண்ணில் படாத சீட்டுகளை எடைபோடுவதே இதிலும் முதல் வேலை.

ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டுகள், இருவர் இருவராக இரண்டு கட்சிகள். ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. வலிமையும் அதே வரிசைதான். (ஒன்பதுக்குக் கீழே ஏஸ் என்பதை ரம்மிக்காரர்கள் எளிதில் ஏற்பதில்லை.)

முதல் நான்கில் இஸ்பேட் ஜாக்கி, ஒன்பது, ஏழு, ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஏஸ் வந்திருப்பதாகக் கொள்வோம். கையில் 6 புள்ளி. எஞ்சிய 22 புள்ளிகள் நாம் காணாத 28 சீட்டுகளில் பரவியிருக்கின்றன. அவற்றில் நான்கு நமக்கும் எட்டு கூட்டாளிக்கும் வரவிருப்பதால், சராசரியாக அந்த 22-இல் 9.4 நம் பக்கம் சேரும், மொத்தம் 15.4. ஒரு சுற்றை வெல்பவரே அதில் விழுந்த நான்கு சீட்டின் புள்ளிகளையும் அள்ளுவதால் இந்த எண் வெறும் அளவுகோல்தான். ஆயினும் இஸ்பேடைத் துருப்பாக்கினால் (மற்ற இனங்களை வெட்டும் இனமே துருப்பு) அதன் முதல் இரண்டு சீட்டுகளும் நம்மிடமே இருப்பதால் 16 கேட்கலாம், 18 துணிச்சல் என்பேன்.

துருப்பு இனத்தைக் குறிக்கக் கவிழ்த்து வைக்கும் சீட்டாக இஸ்பேட் ஏழே போதும். இறங்கிய இனம் கையில் இல்லாத ஒருவர் அதைத் திறக்கச் சொல்லும்வரை துருப்புக்கு வெட்டும் ஆற்றல் இல்லை. ஆகவே திறக்கச் சொல்ல வழி கிடைக்குமாறு கையில் எந்த இனத்தை முதலில் தீர்ப்பது என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே முடிவு செய்ய வேண்டும். அடுத்த நான்கில் ஆட்டின் எட்டு வந்தால் முதலில் அதை இறக்குவதே நல்லது. ஏஸை இறக்கினால், ஆட்டின் ஜாக்கி எதிரணியிடம் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. நம் புள்ளியும் அதோடு போய்விடும்.

விழும் சீட்டுகள் அனைத்தையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. ஜாக்கியும் ஒன்பதுமாக எட்டுச் சீட்டுகளில் மட்டும் 20 புள்ளிகள் அடங்கிவிடுகின்றன. அதைவிட முக்கியமாக, துருப்பைத் திறக்கச் சொன்னவர் அப்போது இறங்கிய இனம் தம்மிடம் இல்லை என்பதை எல்லோருக்கும் காட்டிவிடுகிறார். எதிரணியில் ஒருவர் ஆட்டினுக்குத் திறக்கச் சொல்லி, அந்த ஜாக்கி இன்னும் விழாதிருந்தால், அது கூட்டாளியிடம் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றிலிருந்து ஏறத்தாழப் பாதியாக உயர்கிறது; ஆனால் திறக்கச் சொன்னவரிடம் துருப்பு இருந்தால், ஆட்டின் அடுத்த முறை இறங்கும்போது அவர் வெட்டவும் கூடும்.