அரிக்கமேட்டுத் தொட்டியில் என்ன ஊறியது?

கடலூர் முதுநகரில் அத்தை வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு, நடுவில் நட்சத்திரம் போல ஒரு துளை. அத்தையின் பேரன் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு "மெடல்" என்றான். அத்தை வாங்கி மோந்து பார்த்தார், துளையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "சிக்கு வாடை அடிக்குது. மாவு காய்ஞ்சு ஒட்டியிருக்கு பாரு. முள்ளு முறுக்கு அச்சுடா இது. நாழி எங்க போச்சோ!"

வடிவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பேரன் சொன்னதும் சரிதான். ஒட்டியிருந்த மாவுதான் வழக்கைத் தீர்த்தது. எதற்கென்று தெரியாத பழம்பொருள்களை வைத்துக்கொண்டு தொல்லியல் ஆய்வுக்கூடங்களில் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த பழைய செங்கல் தொட்டிகள் எதற்கு என்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு அகழாய்வுகளில் அடிக்கடி கிடைக்கும் வட்டச் சில்லுகளை எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தட்டி, விளிம்பைத் தேய்த்து வைத்திருப்பார்கள். பாண்டி ஆடும் சில்லு என்பது முதலில் தோன்றும் பதில். ஜாடி மூடியாக இருக்கலாம், எடைக்கல்லாகவும் இருக்கலாம். எடைக்கல் என்றால் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்று எடையில் ஓர் ஒழுங்கு தெரிய வேண்டும். மூடி என்றால் அதே இடத்தில் கிடைத்த ஜாடிகளின் வாயில் அது உட்கார வேண்டும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. சுட்ட மண்ணில் நுண்துளைகள் இருப்பதால் எண்ணெயும் கொழுப்பும் உள்ளே ஊறிவிடும். அவை தண்ணீரில் கரையாது, அதனால் பல நூற்றாண்டு கழித்தும் தங்கியிருக்கும். ஓட்டில் கொஞ்சம் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்துக் கொழுப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். வாயு நிறப்பகுப்புக் கருவி மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்ப, நிறைமாலைமானி அவற்றை உடைத்துத் துண்டுகளின் நிறையைக் கணக்கிடும். மீன் கொழுப்பா, ஆடுமாட்டுக் கொழுப்பா, தேன்மெழுகா என்பது வரை பல நேரம் சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தின் ஃபிஷ்போர்ன் ரோமானிய அரண்மனையில் கிடைத்த இதே மாதிரி ஓட்டுச் சில்லுகளைப் பல ஆண்டுகளாக ஆட்டக்காய் என்றே நினைத்திருந்தார்கள். 2012ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை, பழைய கழிப்பறைக் குழிகளில் கிடைத்த சில்லுகளில் காய்ந்து கல்லாகத் தொடங்கிய மலம் இருந்ததைச் சொன்னது. கிரேக்கர்களும் ரோமானியர்களும் சில்லால் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அடுத்த ஆண்டு ஃபிஷ்போர்ன் சில்லுகள் மீதும் அந்தச் சந்தேகம் வந்தது. நம் ஊர்ச் சில்லுகளுக்கு இந்தக் கதையை உடனே ஒட்டிவிட வேண்டாம். கழுவத் தண்ணீர் இருந்த ஊர் இது.

உலோகம் சுட்ட மண்ணைப் போல எதையும் குடித்து வைத்துக்கொள்ளாது. ரோமானியர்களின் வெண்கலப் பன்னிருமுகக் கூடு இன்னும் புதிராகவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளே வெற்றிடம், ஐங்கோண முகங்கள் 12, முகத்துக்கு ஒரு வட்டத் துளை, 20 மூலைகளிலும் குமிழ். 1739ல் தொடங்கி நூற்றுக்கு மேல் கிடைத்துவிட்டன, ஆனால் இத்தாலியில் ஒன்றுகூட இல்லை. அளவு ஆளுக்கு ஒன்றாக இருப்பதால் அளவைக் கருவி என்பது நிற்கவில்லை. ஒன்றில் மெழுகு ஒட்டியிருந்ததைப் பார்த்து மெழுகுவர்த்தித் தாங்கி என்றார்கள், மற்றவற்றுக்கு அது பொருந்தவில்லை. 2023ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையர் பக்கம் தோண்டியெடுத்த கூட்டில் தேய்மானமே காணோம். தேயாத கருவியை என்னவென்று சொல்வது? சடங்குப் பொருள் என்றுதான் எழுதுகிறார்கள். "தெரியவில்லை" என்பதைக் கௌரவமாகச் சொல்லும் முறை அது என்பது என் கட்சி.

சரி, நம் பக்கம் வருவோம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. கிரேக்க மாலுமிகள் பொதுகே என்று எழுதிவைத்த துறைமுகம் இதுதான் என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே போகிறவர்கள் செங்கல் சுவர்களின் முன் நின்று "ரோமானியக் கட்டடம்" என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது. பழைய ஊர் மண்ணுக்குள் இருக்கிறது.

1945ல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மதில் சூழ்ந்த முற்றங்களும், செங்கல் தொட்டிகளும், தண்ணீர் வரவும் போகவும் வாய்க்கால்களும் வெளிப்பட்டன. துணிக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகள் என்று அவர் ஊகித்தார். சோழ மண்டலக் கரையின் மெல்லிய துணிக்கு மேற்கே கிராக்கி இருந்ததால் ஊகம் எடுபட்டது. உறையூர் அகழாய்வில் கிடைத்த தொட்டிக்கும் பின்னர் அதே பெயர் வந்தது.

சாயத்தொட்டிதானா என்று எப்படிப் பார்ப்பது? அவுரியை வைத்து யோசிக்கலாம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரியிலிருந்து நீலம் எடுக்கிறார்கள். மேல் தொட்டியில் தழையை ஊறப்போடுவார்கள். இலையில் சர்க்கரையோடு பிணைந்து நிறமில்லாமல் இருக்கும் பொருள், புளிக்கும்போது சர்க்கரையை விட்டுப் பிரிந்து தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்கு விட்டு அடித்துக் கலக்குவார்கள். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகி அடியில் படியும். ஆகவே நீலம் எடுத்த தொட்டி என்றால், பெரும்பாலும் ஒன்றுக்கொன்று உயரம் மாறி, இடையே வழி வைத்து இருக்க வேண்டும். துணியைச் சாயத்தில் முக்கி எடுத்த தொட்டி என்றால் அந்தக் கட்டாயம் இல்லை.

நீலம் தண்ணீரில் கரையாது என்பது நமக்குச் சாதகம். பெரு நாட்டின் உவாக்கா பிரியேட்டாவில் கிடைத்த, சுமார் 6,000 ஆண்டு பழைய பருத்தித் துணியில்கூட அவுரி நீலத்தை வேதிப் பகுப்பால் கண்டுபிடித்துவிட்டார்கள். அரிக்கமேட்டுச் செங்கல் இடுக்கிலும் அப்படித் தேடலாம். வீலருக்கு அந்த வசதி இல்லை, பழம்பொருளில் மிஞ்சிய கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பே அவர் தோண்டிய பிறகுதான் வந்தது. ஆனால் காற்றுப் புகாத ஈர மண்ணில் சில நுண்ணுயிர்கள் நீலத்தைத் திரும்பவும் கரைய வைத்துவிடும். அதனால் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமாகாது.

கிடைத்தாலும் ஒரு வம்பு உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு நீலத் துணி கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. அந்த நீலமும் இந்த மண்ணில் கலந்திருக்கலாம். எனவே தொட்டியின் உட்புறச் செங்கலைச் சுரண்டும்போதே, பத்தடி தள்ளி அதே ஆழத்தில் ஒரு பிடி வெறும் மண்ணையும் எடுத்து, இரண்டையும் ஒன்றாகச் சோதிக்க வேண்டும். மண்ணிலும் நீலம் வந்தால், தொட்டியில் வந்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது.