நீலக் கண் ஏன் வெளுத்தது?

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் செப்புச் சுரங்க ஊர்களில் குடியேறிய பின்லாந்துக்காரர்கள் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படங்களைப் பாருங்கள். முதலில் உறுத்துவது கண்கள். கண்ணின் கறுத்த நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும். பேயறைந்தது போன்ற பார்வை. அதில் ஊர் ஏக்கத்தைக் காண்பவர்கள் உண்டு. ஏக்கம் இருந்திருக்கலாம், ஆனால் கண்ணை வெளுக்க வைத்தது வேதியியல்.

அந்தக் காலத்துச் சாதாரணக் கண்ணாடித் தகட்டின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும். அதற்குள் வெள்ளி புரோமைடின் நுண்ணிய படிகங்கள். ஒளி படும்போது படிகத்தில் ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு, பக்கத்திலுள்ள வெள்ளி அயனியோடு சேர்கிறது. ஒரு வெள்ளி அணு பிறக்கிறது. ஒரே இடத்தில் நான்கைந்து அணுக்கள் திரண்டுவிட்டால் போதும். டெவலப்பர் கரைசலில் போட்டதும் அந்தப் படிகம் முழுவதும், கோடிக்கணக்கான அணுக்களோடு, கறுப்பு வெள்ளியாக மாறிவிடும். ஒளி படாத படிகங்களை ஹைப்போ கரைசல் கரைத்து நீக்கிவிடும்.

எலெக்ட்ரானை விடுவிக்கும் ஆற்றல் நீலம், ஊதா, புறஊதாக் கதிர்களுக்கு உண்டு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் கிடையாது. அதனால்தான் சிவப்பு விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டே இருட்டறையில் தகட்டைக் கழுவ முடிந்தது. ஆனால் அதே குணம் மனித முகத்தைக் கலைத்துப்போட்டது. நீலக் கண் நெகட்டிவில் அழுத்தமாகக் கறுத்து, கறுப்பும் வெள்ளையும் தலைகீழாகும் அச்சில் வெளுத்தது. சிவந்த கன்னமும் உதடும் கறுத்தன. வெயிலில் வரும் பழுப்புப் புள்ளிகள், நேரில் அவ்வளவாகத் தெரியாதவைகூட, கரும்புள்ளிகளாய் எழுந்தன. வைக்கோல் நிற முடி உள்ளதைவிடக் கருமையாக விழுந்தது. நீலக் கண்ணும் வெளிர் முடியும் நிறைந்த ஒரு மக்களுக்கு இதைவிடப் பொருந்தாத தகடு கிடைப்பது அரிது. ஸ்டூடியோக்காரர் வடக்குப் பக்கம் கண்ணாடிக் கூரை வைத்தது நேர் வெயிலைத் தவிர்க்க. அங்கிருந்து வரும் வானொளியில் நீலமே மிகுதி என்பதால் கோளாறு இன்னும் கூடியது.

சாயம் கலந்தால் தகட்டைப் பச்சையையும் உணரவைக்கலாம் என்று ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். சிவப்பு முழுதாக வசப்பட வெகுகாலம் ஆனது.

முதல் உலகப் போருக்கு முந்தைய அரை நூற்றாண்டில் சுமார் 3 லட்சம் பேர் பின்லாந்திலிருந்து வட அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் கிராமத்துக் குடியானவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் வாசா மாகாணத்தவர். ஹான்கோ துறைமுகத்தில் கப்பலேறி, இங்கிலாந்தின் ஹல் நகரில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடப்பது வழக்கமான பாதை. போய்ச் சேர்ந்ததும் ஸ்டூடியோவுக்குப் போவது ஊருக்கு அனுப்ப. மிச்சிகனின் கேலுமெட்டில் ஸ்டூடியோ நடத்திய ஜே. டபிள்யூ. நாராவே பின்லாந்தில் பிறந்தவர்தான். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலர் தொப்பியோடு போஸ் கொடுத்தார்கள். சொந்தக் கிராமத்தில் குடியானவப் பெண்ணுக்குத் தலைத்துணிதான். தொப்பி பெரிய வீட்டாருக்கு. கெட்டி அட்டையில் ஒட்டிய அந்தப் படம் ஊர்போய்ச் சேர்ந்தபோது எதைச் சொல்லியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஊரிலிருந்தும் அம்மா, தங்கை படங்கள் வந்தன, சுவரில் மாட்டப்பட்டன. இங்கேதான் மூளை நுழைகிறது. நினைவு, பெட்டியில் வைத்த பொருள்போல அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் சிதறிய தடயங்களிலிருந்து திரும்பக் கட்டப்படுகிறது. எலிகளில் 2000-ஆம் ஆண்டு நடந்த ஆய்வில், கிளறப்பட்ட அச்ச நினைவு சிறிது நேரம் இளகிப்போய், புதிய புரதங்கள் உருவானால்தான் மீண்டும் நிலைக்கிறது என்று தெரிந்தது. ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்வது அதோடு தொடர்புடைய மற்றவற்றை மங்கவைக்கும் என்பதும் 1994-லேயே சோதனையில் தெரிந்த விஷயம். ஆக, சுவரிலிருக்கும் அம்மாவைத் தினமும் பார்ப்பவருக்கு, அடுப்படியில் திட்டிக்கொண்டிருந்த அம்மா மெல்ல நழுவ வாய்ப்புண்டு. படம் இல்லாததையும் சேர்க்கும்: 2002-இல் ஒரு சோதனையில் பறக்கும் பலூனில் இருப்பதாக ஒட்டித் தயாரித்த குழந்தைப் பருவப் படத்தைக் காட்டி மூன்று முறை பேட்டி கண்டபின், 20 பேரில் பாதிப் பேர் நடக்காத அந்தப் பயணம் கொஞ்சமாவது நினைவிருப்பதாகச் சொன்னார்கள்.

வாசனை வேறு வழியில் போகிறது. காட்சியும் ஒலியும் தாலமஸ் என்ற மூளையின் இடைநிலையம் வழியாகச் சுற்றி வர, மணம் மூக்கு நரம்புக் குமிழிலிருந்து நேரே உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்குப் பாய்கிறது. மிச்சிகனிலும் மினசோட்டாவிலும் நிலம் வாங்கியவர்கள் பண்ணையில் சௌனா என்ற சூடான வியர்வைக் குளியலறை கட்டினார்கள். பழைய புகைச் சௌனாவுக்குப் புகைபோக்கி கிடையாது; மரச்சுவரில் கரி ஏறும், இலையோடு கட்டிய பிர்ச் மரக்கிளைக் கொத்தால் உடம்பில் அடித்துக்கொள்வார்கள். ஊரைத் திரும்பக் கொண்டுவரும் வேலையை ஸ்டூடியோ படத்தைவிட இந்தப் புகையே நன்றாகச் செய்திருக்கும் என்பது என் கணிப்பு.

வயதும் இதில் சேர்கிறது. முதுமையில் கேட்டால், பத்திலிருந்து முப்பது வயதுவரை நடந்தவையே அதிகம் நினைவுக்கு வருகின்றன. கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். ஊரின் கடைசி ஆண்டுகளும் புது நாட்டின் முதல் ஆண்டுகளும் அந்த ஒரே செழிப்பான இடைவெளிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடுகின்றன.

மொழியும் சாவிதான். ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போன இருமொழியாளர்களிடம் 2000-இல் வெளியான ஆய்வில், ரஷ்ய மொழியில் பேட்டி கண்டபோது ரஷ்ய வாழ்க்கை நினைவுகள் அதிகமாக வந்தன. பழைய படத்தை முதியவர் ஒருவரிடம் நீட்டிக் கதை கேட்கப் போகிறவர்கள், முடிந்தால் பின்லாந்து மொழியிலேயே கேட்பது நல்லது. சட்டகத்துக்கு வெளியே யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்து.