வெட்டிய இடத்தில் தலையா, வாலா?

பிளனேரியா என்னும் தட்டைப்புழுவைக் குறுக்கே வெட்டினால் முன்துண்டில் வால் முளைக்கும், பின்துண்டில் தலை முளைக்கும். இழப்பு மீட்டல் பாடத்தில் பலரும் படம் வரைந்து படித்தது இது. அந்தப் படத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. கத்தி இறங்கும் கணம்வரை வெட்டுக்கோட்டின் இருபுறச் செல்களும் ஒட்டியே இருந்தவை. பிறகு எப்படி ஒரு பக்கம் மூளையையும் கண்ணையும் உருவாக்குகிறது, மறுபக்கம் வாலை உருவாக்குகிறது?

அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கனை இந்தக் கேள்வி 1898-லேயே பிடித்துக்கொண்டது. புழுவின் 279-இல் ஒரு பங்கு துண்டுகூட முழுப் புழுவாக வளரும் என்று அவர் கணக்கிட்டார். மிகக் குறுகிய துண்டுகளில் சில நேரம் இருபுறமும் தலை முளைப்பதையும் பார்த்தார். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது பழ ஈ. புழுவின் புதிரோ ஏறக்குறைய நூறாண்டு காத்திருந்தது.

புதிய உறுப்புகளைக் கட்டுபவை நியோபிளாஸ்ட் எனப்படும் குருத்தணுக்கள். கதிர்வீச்சால் தன் குருத்தணுக்கள் அனைத்தையும் இழந்த புழுவுக்குள் ஒரே ஒரு குருத்தணுவைச் செலுத்தி அதைப் பிழைக்கவைக்க முடியும் என்று 2011-இல் காட்டினார்கள். ஆனால் எங்கே எதைக் கட்டுவது என்ற தகவல் வேறிடத்தில் இருக்கிறது.

அந்தத் தகவலின் மையத்தில் இருப்பது வின்ட் என்னும் புரதக் குடும்பம். வின்ட் சமிக்ஞை வால்பக்கம் வலுவாகவும் தலைப்பக்கம் நலிந்தும் இருக்கும். அதைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் பீட்டா-கேட்டனின் புரதத்தின் மரபணுவை 2008-இல் சில ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே அடக்கிப் பார்த்தன. வால் வரவேண்டிய காயத்தில் தலை வந்தது. வெட்டே படாத புழுக்களின் உடலோரத்திலும் தலைகள் கிளம்பின. முழு வளர்ச்சி அடைந்த விலங்கு 'இது வால்' என்ற கட்டளையை நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்பதல்லவா இதன் பொருள்! என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த முடிவுதான்.

காயம்பட்ட சில மணி நேரத்தில் வின்ட்1 மரபணு எல்லாக் காயங்களிலும் விழிக்கிறது. அது காயத்தின் திசையைப் பார்ப்பதில்லை. திசையைப் பார்ப்பது நோட்டம் என்னும் மரபணு. முன்னோக்கிய காயத்தில் மட்டுமே அது வலுவாக இயங்கி, வின்ட்டை முடக்கித் தலைக்கு வழிவிடுகிறது. நோட்டத்தை அடக்கினால் தலை வரவேண்டிய இடத்தில் வால் வருகிறது.

இவை பெரும்பாலும் எந்தச் செல்களில் இயங்குகின்றன என்று தேடியபோது, 2013-இல் கிடைத்த விடை தசை. உடலை அசைக்கும் அதே தசைச் செல்கள்தாம் முன், பின், மேல், கீழ் என்ற இடக்குறிப்புகளையும் ஏந்தியிருக்கின்றன. நீளவாக்கில் ஓடும் தசைநார்களை இல்லாமல் செய்தபோது குருத்தணுக்கள் இருந்தும் இழப்பு மீட்டல் நின்றுபோனது.

டென்ட்ரோசீலம் லாக்டியம் என்ற இன்னொரு தட்டைப்புழு உண்டு. அதன் பின்பாதியில் குறுக்கே வெட்டினால் வால்துண்டின் காயம் ஆறும், தலை வராது, துண்டு இறந்துவிடும். குருத்தணுக்கள் அதற்கும் இருக்கின்றன. வின்ட் சமிக்ஞைதான் அங்கே அடங்குவதில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2013-இல் அதன் பீட்டா-கேட்டனினை மட்டும் அடக்கினார்கள். இறந்துபோயிருக்க வேண்டிய அந்த வால்துண்டுகளில் தலை முளைத்தது.