குடிப்படை: ‘மிலிஷியா’வுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

இலத்தீனில் ‘மீலெஸ்’ என்பது படைவீரனைக் குறிக்கும். அதிலிருந்து பிறந்த ‘மிலித்தியா’ படைத்தொழிலைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘மிலிஷியா’ என ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் ஏறக்குறைய இதே பொருள்தான். பின்னரே, ஊதியம் பெறும் நிலைப்படைக்கு மாறாக, உழவையும் தொழிலையும் நிறுத்திவிட்டு ஆபத்து வேளையில் மட்டும் ஆயுதம் ஏந்தும் ஊர்மக்களின் படை என்று பொருள் சுருங்கியது.

இந்தப் பொருளின் முழு எடையையும் உணர, வட அமெரிக்காவில் அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவின் மேற்கு எல்லையைப் பார்க்க வேண்டும். 1755 ஜூலை 9 அன்று மொனங்ககேலா ஆற்றருகே பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் படை பிரெஞ்சுக்காரரிடமும் அவர்களோடு நின்ற பூர்வகுடி வீரரிடமும் தோற்றதால், ஷெனண்டோவா பள்ளத்தாக்கின் குடியிருப்புகள் காப்பற்றுப் போயின. அடுத்த மாதம் வர்ஜீனியாவின் ஊதியப் படைக்குத் தலைவராக்கப்பட்ட ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அப்போது வயது 23. அக்டோபரில் அப்பள்ளத்தாக்கிலுள்ள வின்செஸ்டர் ஊரிலிருந்து ஆளுநர் டின்விடிக்கு எழுதிய கடிதத்தில், மிலிஷியாவைத் திரட்ட முயன்றும் ஊர்மக்கள் வர மறுத்துவிட்டார்கள் என்று அவர் குறிப்பிட்டார். வண்டியும் குதிரையும் கேட்டால் கொடுப்பாரில்லை. உருவிய வாளைக் காட்டினால்தான் அவசரத்துக்கு ஒரு குதிரையாவது கிடைத்தது என்றும் அதே கடிதம் சொல்கிறது.

இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது நியாயமன்று என்பது என் கருத்து. தொலைதூரக் கோட்டையைக் காக்கப் போகிறவனுடைய வீட்டில் மனைவி மக்கள் காவலின்றிக் கிடப்பார்கள். வயலில் விளைந்தது அறுப்பாரின்றி அழியும். கிழக்கு மாவட்டங்களிலோ, அடிமைகள் கிளர்ந்தெழுவார்கள் என்ற அச்சம் ஆண்களை ஊரிலேயே நிறுத்தியது. துப்பாக்கியை அவரவரே கொண்டுவர வேண்டும் என்ற விதி ஏழைகளுக்குப் பெருஞ்சுமை. வந்தவர்களும் நெடுநாள் தங்கவில்லை. தம் யோசனையைத் தலைவன் ஏற்காவிட்டால் அவமதிப்பாகக் கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள் என்றும், அரிதாகக் கிடைத்த வெடிமருந்தைப் பந்தயம் கட்டிக் குறிபார்த்துச் சுட்டே தீர்க்கிறார்கள் என்றும் 1756 நவம்பரில் வாஷிங்டன் முறையிட்டார்.

இத்தகைய படைக்குத் தமிழில் என்ன பெயர்? ‘துணைப்படை’ என்றால் நட்பு அரசன் அனுப்பும் படை என்பதே பழைய பொருள். ‘ஊர்க்காவல் படை’ தமிழ்நாட்டில் ஏற்கனவே வேறோர் அமைப்பின் பெயராக நிலைத்துவிட்டது. திருக்குறளின் 762ஆம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறு படைகளை எண்ணுகிறார். இவற்றுள் ‘நாட்டுப்படை’ நெருங்கி வருகிறது. ஆயினும் இன்றைய வாசகர் அதை ஒரு தேசத்தின் இராணுவம் என்று கொள்ளக்கூடும். ஆகவே ‘குடிப்படை’யையே நான் தேர்வேன். குடி என்பது ஆளப்படும் மக்களையும் குடும்பத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். வின்செஸ்டருக்கு வர மறுத்த உழவனை ஒருபுறம் அரசும் மறுபுறம் வீடும் இழுத்த நிலை அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. இன்றைய செய்திகளில் அரசுக்குக் கட்டுப்படாத ஆயுதக் கூட்டங்களையும் மிலிஷியா என்கிறார்கள். அந்த இடத்தில் ‘ஆயுதக்குழு’ என்று எழுதுவதே பொருந்தும், ‘குடிப்படை’ என்று எழுதலாகாது.