பெக்கோ ஏறுவதற்கு முன் திட்டமிடலாளர் ஏறட்டும்

ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா பக்கங்களில் பழைய தேயிலைக் காணியை இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று குடும்பமாகச் சேர்ந்து வாங்குகிறார்கள். துண்டு போட்டு விற்க வேண்டும் அல்லது சின்னதாக ஒரு விடுதி கட்ட வேண்டும் என்பது எண்ணம். காணித் திட்டமிடல் என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சேவையர் பத்துப் பத்துப் பேர்ச் துண்டாகக் கோடு போட்ட பிளானோடுதான் வருகிறார்கள். சிலருடைய காணியில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரமும் இறங்கியிருக்கும். "அனுமதி எடுக்க ஒரு மாஸ்டர் பிளான் கீறித் தாங்க" என்பார்கள்.

எல்லையையும் பரப்பளவையும் சரியாகக் காட்டுவது சேவையரின் வேலை. பாதை எப்படி ஏறும், மழைநீர் எங்கே போகும், எந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும் என்பதை அந்தப் பிளான் சொல்லாது. அதற்குத்தான் திட்டமிடலாளர்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்றால் 160 பேர்ச். காகிதத்தில் 16 துண்டு. காணியின் அடிக்கும் மேல்மட்டத்துக்கும் 60 அடி உயர வித்தியாசம் என்று வையுங்கள். எட்டடிக்கு ஓரடி ஏறும் பாதை என்றால் 480 அடி நீளம் வேண்டும். 20 அடி அகலத்தில் அதுவே ஏறக்குறைய 35 பேர்ச்சைத் தின்றுவிடும். மிச்சத்தில் 12 துண்டுதான் தேறும். மழைநீர் ஓடும் கானுக்கும் வெட்டுச் சரிவுக்கும் விட வேண்டியதை இன்னும் கழிக்கவில்லை. 16 துண்டுக்கும் முற்பணம் வாங்கியவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். பாதையை நேர்குத்தாக ஏற்றச் சொல்வார். மழை வந்தால் அந்தப் பாதையே ஓடையாகிவிடும்.

இன்னொன்று. 30 பாகைச் சரிவில் 25 அடி அகலத்துக்குத் தரையைச் சமப்படுத்தினால், முன்னுக்கும் பின்னுக்கும் 14 அடிக்கு மேல் வித்தியாசம். முழுவதையும் வெட்டினால் வீட்டின் பின்னால் 14 அடி மண்சுவர் நிற்கும். பாதி வெட்டி, அந்த மண்ணை முன்பக்கம் கொட்டினால், வீட்டின் பாதி இளகிய மண்ணில் நிற்கும். மேல் துண்டுக்காரரின் வீடும் நீங்கள் வெட்டிய அதே விளிம்புக்கு மேலேதான் வரும். இப்படி இடங்களில் மூன்று துண்டை ஒன்றாக்கச் சொல்வேன். பலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலையே இறங்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழை கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் செய்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமானத்துக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்பது இதற்காகத்தான். அந்த அறிக்கையை முதலில் எடுங்கள், அதை வைத்துப் பிளான் போடுங்கள். "அதைப் பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்லும் திட்டமிடலாளரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆளை எப்படித் தெரிவது? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, கிராமத் திட்டமிடல் படித்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கை நகரத் திட்டமிடலாளர் நிறுவகத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். அது போதாது. சமவெளியில் நன்றாக வேலை செய்தவருக்கும் மலைக்காணி புதிதாக இருக்கலாம். அவரைக் காணிக்குக் கூட்டிப் போங்கள். ஊற்று எங்கே, பழைய கான் எந்தப் பக்கம் ஓடுகிறது, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, பக்கத்து வீட்டுச் சுவரில் வெடிப்பு உண்டா என்று அவராகவே தேடுகிறாரா? அங்கே கொழுந்தெடுத்த அம்மாமாரிடம் பேசுகிறாரா? தண்ணீர் போகும் வழி அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்திலும் இல்லை. தேயிலைக்காக வெட்டிய கான்களை மூடிவிட்டால் நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். முடிந்தால் மழைக்காலத்திலும் ஒருமுறை வரச் சொல்லுங்கள். ஹட்டன் பக்கம் அது தென்மேற்குப் பருவம், பதுளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகு. அப்புறம், அவர் முன்பு திட்டமிட்ட ஒரு காணியை நேரில் போய்ப் பாருங்கள்.

காணி உறுதியைத் திட்டமிடலாளர் பார்க்கமாட்டார், அது நொத்தாரிசின் வேலை. அதை முதலிலேயே முடியுங்கள். தோட்டக் கம்பனிகளிடம் இருப்பது பெரும்பாலும் குத்தகைக் காணி, அதை யாரும் துண்டு போட்டு விற்க முடியாது. தேயிலைத் தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்த 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது.

விற்கும் துண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று திட்டமிடலாளருக்குச் சம்பளம் பேசவே வேண்டாம். துண்டு கூடினால் காசு கூடும் என்றால், குறைக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? உயரக்கோட்டு அளவை, வரைவு, இறுதிப் பிளான், அனுமதி என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். பிளானின் கணினிக் கோப்பும் வடிகால் வரைபடமும் உங்களிடம் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெக்கோ ஏறும் முன் அவர் காணிக்கு வந்து பிளான்படி அடித்த முளைகளைச் சரிபார்க்க வேண்டும் என்றும், கான் வெட்டி ஒரு பெருமழை பெய்த பிறகே கடைசிக் கட்டணம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் ஒப்பந்தங்களில் இந்த இரண்டும் இருக்கின்றன.