மரத்த தலைக்கு வெயில் தெரியாது

காரைக்குடியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். முடி நடும் சிகிச்சை செய்துகொண்டு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். முதல் பத்து நாள் வெயிலுக்கு நீங்களே பயந்துகொள்வீர்கள். அதற்கு அடுத்த இரண்டு மூன்று மாதம்தான் பயம் விட்டுப்போகும், சேதமும் அப்போதுதான் நடக்கும்.

முதல் பத்து நாள் கண்ணாடியில் தலையைப் பார்த்தாலே கலக்கமாக இருக்கும். பொருக்கு, சிவப்பு, நெற்றியில் இறங்கும் வீக்கம். யாரும் சொல்லாமலே வீட்டுக்குள் இருந்துவிடுவார்கள். பொருக்கு உதிர்ந்து தலை சுத்தமாகத் தெரிய ஆரம்பித்ததும், 'எல்லாம் ஆறிப்போச்சு' என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சிங்கப்பூரில் வேலை. விடுப்பில் வந்த இடத்தில் வெளியூரில் முடி நட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது வாரம் என்னிடம் வந்தபோது முன்மண்டை முழுக்கப் பழுப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்தால், முடி நட்ட ஒவ்வொரு துளையைச் சுற்றியும் காப்பி நிறத்தில் ஒரு வளையம். வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போட்டிருக்கிறார்கள், இவர் காலையிலிருந்து மத்தியானம் வரை வாசலில் நின்று ஆட்களுக்கு வேலை சொல்லியிருக்கிறார். "டாக்டர், கொஞ்சம்கூட எரியவே இல்லையே. எரிந்திருந்தால் உள்ளே போயிருப்பேனே" என்றார்.

அவர் சொன்னது உண்மை. எரிந்திருக்காது. முடி நடும்போது தோலில் போகிற நுண்ணிய நரம்புக் கிளைகள் அறுபடும். ஊசியின் மரமரப்பு அன்றைக்கே போய்விடும், இந்த மரமரப்பு போகச் சில வாரம் ஆகும், சிலருக்குச் சில மாதம்கூட ஆகும். தலையைத் தடவினால் வேறு யாருடைய தலையையோ தொடுகிற மாதிரி இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். உணர்ச்சி தானாகத் திரும்பிவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அது திரும்பும் வரை, 'சுடுகிறது, நிழலுக்குப் போ' என்று உடம்பு சொல்கிற எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காது. அதனால் சுட்டால் உள்ளே போகலாம் என்ற கணக்கு இந்தத் தலைக்கு உதவாது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நட்ட முடி அப்படியே நின்று வளர்வதில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளேயே இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் புது முடி எட்டிப் பார்க்கும், முழு உருவம் வர ஏறக்குறைய ஒரு வருஷம். ஆக, இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் தலை முன்னைவிடவும் வெறிச்சென்று இருக்கும். முடியும் இல்லை, உணர்ச்சியும் இல்லை, பொருக்கும் இல்லை. வெயிலுக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது.

2,000 கிராஃப்ட், அதாவது வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து, வைத்தவர் தலையில் முன்னால் 2,000 கீறல் இருக்கும். முடியை வேரோடு ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுக்கும் எஃப்யூஇ முறை என்றால் பின்மண்டையில் முடி எடுத்த துளைகளும் அதே எண்ணிக்கை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மேலே மூடிவிட்டாலும் உள்ளே தோல் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் புற ஊதாக் கதிர் பட்டால் அழற்சி கூடும், சிவப்பு நீடிக்கும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் நிறமிச் செல்கள் சுறுசுறுப்பானவை. புண்பட்ட தோலில் வெயில் பட்டால் கூடுதலாக நிறமியைக் கொட்டிவிடும். அப்படி வருகிற கரும்புள்ளி மறைய மாதக்கணக்காகும், ஆழத்தில் இறங்கிவிட்டால் அதற்கும் மேல். 'நான் ஏற்கெனவே கறுப்புதானே, வெயில் என்னை என்ன செய்யும்' என்று கேட்கிறவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கறுத்த தோல் சீக்கிரம் வெந்து சிவக்காது என்பது சரி. ஆனால் புண் ஆறும் இடத்தில் கருந்திட்டு விழுவது நமக்குத்தான் அதிகம்.

பின்மண்டையை மறந்துவிடுகிறார்கள். முடி எடுத்த துளைகள் ஆறியபின் சிலருக்கு வெளிறிய சிறு புள்ளிகளாக நிற்கும். சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்கக் கறுக்க அந்த வெள்ளைப் புள்ளிகள் எடுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். தோல் பட்டையாக வெட்டி எடுத்துத் தைத்தவர்களுக்கு அந்தத் தழும்புக் கோடும் கறுத்துவிடும். நெற்றிப் பக்கம் மட்டும் நிழல் தரும் தொப்பி இதற்குப் போதாது.

சரி, நம் ஊர் வெயிலுக்கு வருவோம். கத்திரி வெயில் மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்குத் தயாராகவும் இருப்பார்கள். ஆனால் காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சூரியன் நேர் உச்சிக்கு மேல் வந்து நிற்பது இங்கே வருஷத்தில் இரண்டு முறை. ஒன்று ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்த கையோடு. இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில், ஆவணியில். அந்த நாட்களில் நட்டுவைத்த குச்சிக்கு மத்தியானம் நிழலே விழாது. தோளுக்கும் முகத்துக்கும் சாய்வாக விழும் கதிர், உச்சந்தலைக்கு மட்டும் செங்குத்தாக விழும். முடி நட்ட இடமும் அதுதான்.

ஆடி, ஆவணியில் காற்று அடிக்கும், மேகம் போகும், வியர்வை அவ்வளவாக இருக்காது. 'இப்போதெல்லாம் வெயில் இல்லையே டாக்டர்' என்பார்கள். நாம் உணர்கிற சூடு வேறு, தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் வேறு. காற்று சூட்டைத் தணிக்கும், கதிரைத் தணிக்காது. மெல்லிய மேகத்தையும் அது தாண்டி வரும். எளிய அடையாளம் ஒன்று சொல்கிறேன்: தரையில் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா, அது வெளியே நிற்கிற நேரம் இல்லை. சாதாரண நாட்களில் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் வெளி வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு விஷயம். இங்கே பழைய வீடுகளில் வளவு என்கிற உள்கட்டு திறந்த முற்றத்தோடு இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் தரை குளுகுளுவென்று இருக்கும், அந்த ஓரத்தில் பாயைப் போட்டுப் படுத்தால் எழுந்திருக்கவே மனசு வராது. காலையில் நிழலாக இருந்த அதே இடத்துக்கு மத்தியானம் வெயில் நகர்ந்து வந்துவிடும். மரத்த தலையோடு தூங்குகிறவருக்கு அது தெரியாது. முதல் மாதம் பகல் தூக்கத்தை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காரில் போகும்போது பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகவும் புற ஊதா ஏ கதிர் உள்ளே வரும். மதுரையிலோ திருச்சியிலோ சிகிச்சை முடித்துத் திரும்புகிறவர்கள் வெயில் படாத பக்கமாக உட்காருங்கள்.

எதைக் கொண்டு மறைப்பது என்று கேட்டால், என் பதில் குடை. கறுப்புத் துணிக் குடை. முதல் நாளிலிருந்து பிடிக்கலாம், தலையில் எதுவும் படாது, வியர்க்காது, பின்மண்டையும் சேர்ந்து மறையும். ஆண்கள் வெயிலுக்குக் குடை பிடிக்கக் கூச்சப்படுகிறார்கள். இவ்வளவு செலவு செய்து, இத்தனை மணி நேரம் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்து வைத்துக்கொண்ட முடி. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

தொப்பியை உங்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் சொன்ன நாளிலிருந்துதான் போட வேண்டும். தளர்வாக, நட்ட இடத்தில் உரசாததாக இருக்கட்டும். நட்ட வேர்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ள ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதுவரை துண்டைத் தலைப்பாகையாகக் கட்டவே கூடாது. துண்டின் நூல் வளையங்களில் பொருக்கு மாட்டிக்கொண்டு வேரோடு வந்துவிடும். அதற்குப் பிறகு கட்டலாம், ஆனால் நெருக்க நெசவாக இருக்க வேண்டும். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஊடே வெளிச்சம் தெரிந்தால் கதிரும் வரும். வயல்காட்டில் செய்வதுபோல் நனைத்துப் போட்டால் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் நனைந்த வெள்ளைப் பருத்தி இன்னும் அதிகமாகக் கதிரை விடும். ஹெல்மெட் குறைந்தது இரண்டு வாரம் வேண்டாம். வேண்டாம் என்றால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை, வண்டியையே எடுக்காதீர்கள்.

சன்ஸ்கிரீன் பற்றி நிறையக் கேட்கிறார்கள். ஆறாத புண்ணில் அதைப் பூசக் கூடாது. பொருக்கு முழுக்க உதிர்ந்து தோல் மூடியபின், பெரும்பாலும் நான்கு வாரம் கழித்து, மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆரம்பிக்கலாம். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற எஸ்.பி.எஃப். எண் 30 என்றால் புற ஊதா பி கதிரில் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் அவ்வளவுதான், அதனால் எண்ணைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. புற ஊதா ஏ கதிரையும் தடுக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், கரும்புள்ளிக்கு அது முக்கியம். ஜெல்லாகவோ லோஷனாகவோ வாங்கினால் முளைக்கும் முடியில் பிசுபிசுக்காது. வெளியே போக இருபது நிமிஷம் முன்னால், தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. நம் ஊர் வியர்வைக்கு அதற்கு முன்பே வழிந்துவிடும், அதனால்தான் சன்ஸ்கிரீன் இருந்தாலும் குடை வேண்டும் என்கிறேன்.

இனி, வீட்டு வைத்தியம். கூட வருகிற ஆச்சிகள் பாசத்தில் செய்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது. "தம்பிக்குச் சனிக்கிழமை எண்ணெய் வைக்கலாமா, சூடு பிடித்துக்கொள்ளுமே" என்று ஓர் ஆச்சி கேட்டார். முதல் ஒரு மாதம் நல்லெண்ணெயும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். எண்ணெய் வெயிலைத் தடுக்காது, தேய்க்கிற தேய்ப்பில் வேருக்குத்தான் ஆபத்து. எலுமிச்சைச் சாறு இதைவிட மோசம். அதில் இருக்கும் ஒரு பொருள் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால், எந்த நல்ல தோலும் கருகி, கொப்புளித்து, திட்டாகிவிடும். பொடுகுக்கு நல்லது என்று ஒருவர் நட்ட தலையில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வந்தார். சாறு நெற்றியில் வழிந்த கோடுகூட அப்படியே கறுப்பாகத் தெரிந்தது. சின்ன வெங்காயச் சாறும் வேண்டாம்.

சிகிச்சைக்குப் பின் கொடுத்த மாத்திரைச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் வெந்துபோகும். இரத்தக் கொதிப்புக்குத் தருகிற சில மாத்திரைகளும் அப்படித்தான். நீங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொன்னால் அவர் முடிவு செய்வார். வைட்டமின் டி குறையாதா என்று கேட்கிறவர்களுக்கு: கை காலில் வெயில் பட்டாலே போதும், அதற்குத் தலை தேவையில்லை.

தெரியாமல் வெயில் பட்டுவிட்டால் நிழலுக்கு வந்து, தண்ணீர் குடித்து, கொடுத்திருக்கும் சலைன் நீரை லேசாகத் தெளியுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். தயிர், சந்தனம், மஞ்சள், சோற்றுக் கற்றாழை எதையும் அப்பாதீர்கள். தோல் உரிந்தால் பிய்க்காதீர்கள். கொப்புளம், சீழ், இரத்தக் கசிவு, காய்ச்சல் இருந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே காட்டிவிடுங்கள்.

தை மாதம் நெருங்கினால் வேறொரு கேள்வி வரும். குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை போகலாமா, முடி காணிக்கை கொடுக்கலாமா என்று. தைக் குளிர்ச்சியில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் நாள் முழுக்க நடக்கிறவர் தலையில் அது சேர்ந்துகொண்டே போகும். நட்டு மூன்று மாதம் ஆகாதவர்கள் இந்த வருஷம் நடக்க வேண்டாம், பேருந்தில் போய்க் கும்பிட்டு வாருங்கள். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கும் இதையேதான் சொல்வேன், நிழலே இல்லாத பொட்டலில் மணிக்கணக்காக நிற்க வேண்டிவரும். மொட்டையைப் பொறுத்தவரை, மழித்தாலும் வேர் உள்ளே இருப்பதால் நட்ட முடி மறுபடி வளரும். ஆனாலும் முதல் ஒரு வருஷம் கத்தி படாமல் இருப்பதே நல்லது. தள்ளிப்போட முடியாத வேண்டுதல் என்றால் பூமுடி இறக்கிக்கொள்ளலாம். காதோரத்தில், கத்தரிக்கோலால், நட்ட இடத்தையும் எடுத்த இடத்தையும் தொடாமல்.